நமக்கு ஒரு கம்பு

ராஜபாளையத்தில் நான் போய் ஆடுகிற கிளப்பில் ஸ்னூக்கர் கியூவை யாரும் கியூ என்று சொல்வதில்லை. கம்பு என்பார்கள். சுவரோரம் ஒரு மரத்தாங்கியில் பொதுக் கம்புகள் ஏழெட்டு நிற்கும். மில் வைத்திருப்பவர்களும் பேண்டேஜ் யூனிட் வைத்திருப்பவர்களும் சொந்தக் கம்பைப் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பார்கள். நான் மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவன். எனக்குத் தாங்கியில் இருப்பதுதான். இடமிருந்து மூன்றாவது, லேசாக வளைந்தது. அடிக்கும் முன் அதை உருட்டி, வளைவு மேலே வரும்படி பிடித்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

என்னை அந்தக் கிளப்புக்குக் கூட்டிப்போனவர் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற யூனிட் வைத்திருக்கிறார். என்னைவிட இளையவர். என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை முதலாளி என்பேன். முதலில் அது கேலியாக இருந்தது, பிறகு பெயராகிவிட்டது. பக்கத்து ஊர்க் கிளப்புகள் சேர்ந்து வருஷா வருஷம் நடத்தும் இரட்டையர் போட்டியில் எங்கள் கிளப்பின் ஜோடி நாங்கள்தான். தூரத்துப் பந்துகளை அவர் போடுவார். போட முடியாதபோது வெள்ளைப் பந்தை, எதிராளி நேராக அடிக்க முடியாதபடி வேறொரு பந்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பது என் வேலை. நாங்கள் கோப்பை வாங்கியதில்லை. ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏற எனக்கு வேறு காரணம் எதுவும் இல்லை. வீட்டில் இருந்தால் பேப்பரில் எழுத்துப் பிழைகளைச் சுழித்துக்கொண்டிருப்பேன். அதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை.

போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒருநாள் முதலாளி என் தோளில் கைபோட்டார்.

“அண்ணாச்சி, இந்தத் தடவ நமக்குன்னு ஒரு நல்ல கம்பு பாத்துருவோம். கையில செஞ்சது. ஆள வரச் சொல்லிருக்கேன். நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

அவரிடம் ஏற்கெனவே வெளிநாட்டுக் கம்பு ஒன்று இருந்தது. அதை மாற்றுகிற எண்ணம் அவருக்கு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் கம்பு இல்லை. நாங்கள் ஜோடி. ஆக, ‘நமக்கு’ என்பதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும் என்று முடிவு செய்தேன். ‘உங்களுக்கு வாங்கித் தருகிறேன்’ என்று சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவர் அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். பெருந்தன்மை என்றுகூட நினைத்தேன். வீட்டில் சொன்னபோது, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கவில்லை.

“அம்புட்டு நல்லவராக்கும் ஒங்க மொதலாளி,” என்றாள்.

கம்பு செய்கிறவர் கோயம்புத்தூரில் இருந்து காரில் வந்தார். மோதிரம், வாசனை, ஓயாத பேச்சு. யார் யாரெல்லாம் தன் கம்பில் ஆடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே ஒரு போர்வையை மேசைமேல் விரித்து ஐந்து கம்புகளை வைத்தார். எல்லாம் ஆஷ் மரம், பிடிப் பக்கம் கருங்காலி. கருங்காலி ஆஷுக்குள் நாலு முனையாக ஏறியிருந்தது. முனைகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தால் கை வேலையின் தரம் தெரிந்துவிடும். ஒன்றில் ஒரு முனை மயிரிழை கீழே நின்றது. அதை ஒதுக்கினேன். மற்ற நாலையும் மேசையின் பச்சைத் துணிமேல் ஒவ்வொன்றாக உருட்டினேன். ஒன்று லேசாகக் குதித்தது. அதுவும் போயிற்று.

“யாருக்கு சார் பாக்கறீங்க? ஆள் உயரம் தெரிஞ்சா நல்லது,” என்று அவர் கேட்டார்.

“நமக்குத்தான்,” என்றார் முதலாளி.

செய்திப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதல் நாளே சொல்வது ஒன்று உண்டு. வாக்கியத்தில் ‘நாம்’ வந்தால் உள்ளே யார், வெளியே யார் என்று கேட்டுவிட்டு எழுது. அன்று நான் கேட்கவில்லை. நான்தான் கையில் கம்போடு நின்றேன். கம்பு செய்கிறவரும் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். நான் உயரமானவன், கை நீளம். நெடிய கம்பாக ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். நிறுத்திப் பார்த்தேன், தோளுக்குச் சற்று மேலே வந்தது. விரலில் படுக்கவைத்தேன், எனக்கு வேண்டிய இடத்தில் எடை நின்றது. நீலப் பந்தை அதன் புள்ளியில் வைத்து மூலைப் பைக்கு நேராக அடித்தேன். நீலம் விழுந்தது, வெள்ளை மோதிய இடத்திலேயே அசையாமல் நின்றது. முன்கையில் ஓர் அதிர்வும் ஏறவில்லை. அத்தனை வருஷமும் அடிக்கு முன்னால் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், அன்று திருப்பவில்லை.

“கைக்கு எப்டி இருக்கு அண்ணாச்சி?” என்றார் முதலாளி.

இதுதான் என்றேன். பிடியில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு வரும் என்றும், அதையும் மெருகையும் முடித்து அடுத்த வாரம் அனுப்புவதாகவும் சொல்லிவிட்டு, செய்தவர் கம்பைத் திரும்ப எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் கம்பு துடைக்க ஒரு மெல்லிய மஞ்சள் துணி வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். முதல் மேசையில் நான் அதுவரை பார்த்திராத ஒருவர் அந்தக் கம்பில் ஆடிக்கொண்டிருந்தார். கட்டையான உருவம். கம்பின் பின்பகுதி அவருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர், கம்பு நுனியில் தேய்க்கும் சாக்கட்டியை அவருக்கு எடுத்துக் கொடுத்தார்.

“நம்ம மாப்ள. சென்னைய விட்டுட்டு இனிமே இங்கதான், யூனிட்டப் பாத்துக்கிடுதாரு,” என்றார் முதலாளி. “கம்பு வந்துருச்சு பாத்தீயளா? போட்டிக்கு நானும் மாப்ளையும் எறங்குதோம். பேரு குடுத்தாச்சு. நீங்க கூட இருந்து பாருங்க அண்ணாச்சி. நமக்கு யோசன சொல்ல ஆள் வேணும்லா.”

பித்தளைத் தகட்டில் மாப்பிள்ளையின் முதலெழுத்துகள் இருந்தன. முதலாளி எதையும் மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. அதிலும் ‘நமக்கு’ போல ஒரு சொல் உண்டு, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. தன்னை, தன் வீட்டை, தன் மருமகனை மரியாதையாகச் சொல்ல இந்த ஊரில் ‘நமக்கு’ என்பார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் ‘நம்ம வீடு’ என்றால் வந்தவருக்கு அதில் பங்கு கிடையாது. இது எனக்குத் தெரியாததல்ல.

நல்ல கம்பு என்று சொன்னேன். மாப்பிள்ளையும் தலையாட்டினார். ஒரு வாரம் ஆடிவிட்டு நீளம் அதிகம், பின்கை இழுக்கிறது என்றார். முதலாளி கம்பைக் கோயம்புத்தூருக்கு அனுப்பவில்லை. அவர் யூனிட்டில் தறிக்கு மர வேலை பார்க்கும் ஆசாரியிடம் கொடுத்து, பிடிப் பக்கம் இரண்டங்குலம் அறுக்கச் சொன்னார். எடைக்கு வைத்த ஈயம் இருந்த இடம் அதுதான். அதுவும் போய்விட்டது. வெட்டிய முனையில் ரப்பர் மாட்டிக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு கம்பு முன்பக்கம் சாய்ந்தது. அடிக்கிற ஒவ்வொரு பந்திலும் அது தெரிந்தது.

போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரும் யோசனை கேட்கவில்லை. டீ வந்தபோது முதலாளி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“பேப்பர்ல ஒரு புள்ளி தப்புனாலும் கண்டுபிடிக்கிற கண்ணு. கம்புல கவுத்துட்டாரு நம்ம அண்ணாச்சி.”

சிரித்தார்கள். மாப்பிள்ளை, அவியளக் கொற சொல்லாதீய மாமா, வயசாச்சுல்லா என்றார். என்னிடம் ஒரு பதில் இருந்தது. நான் பார்த்ததில் தப்பில்லை, என் கைக்குப் பார்த்தேன். அதைச் சொன்னால், உமக்கு வாங்கித் தருவதாக யார் சொன்னது என்ற கேள்வி வரும். டீயைக் குடித்தேன்.

மாப்பிள்ளை வேறு கம்பு வரவழைத்துக்கொண்டார். அதைத் தேர்ந்தெடுக்க என்னைக் கூப்பிடவில்லை. போகாமல் நின்றுவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் நான் கிளப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை அந்தக் கம்பு பொதுத் தாங்கியில் நின்றது. பித்தளைத் தகட்டைப் பிடுங்கியிருந்தார்கள், இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. மார்க்கர் நல்ல எண்ணத்தில்தான் அதை எடுத்து நீட்டினார்.

“அண்ணாச்சி, நீங்க பாத்த கம்பு. இனிமே யாரு வேணா எடுக்கலாம்.”

வாங்கி என் பக்கத்தில் நிறுத்தினேன். தோளுக்குக் கீழே நின்றது. விரலில் படுக்கவைத்தேன், மூக்கைக் குத்திக்கொண்டு சாய்ந்தது. பிடியில் மாப்பிள்ளையின் கைவேர்வை பட்டு மெருகு மங்கியிருந்தது. மஞ்சள் துணி இன்னும் என் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. கம்பைத் தாங்கியில் வைத்துவிட்டு, இடமிருந்து மூன்றாவதை எடுத்து, வளைவு மேலே வரும் வரை உருட்டினேன்.