சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை

எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர். நான் கிட்டார், சித்தப்பா மகனான தம்பி டிரம்ஸ், பசறையில் ஃபோன் கடை வைத்திருந்த நண்பன் பேஸ் கிட்டார். இண்டி ராக் என்றால் என்னவென்று அம்மா கேட்டதற்கு, "நாங்களே போட்டு நாங்களே கேக்குற பாட்டு" என்றான் தம்பி. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

முதல் ஆல்பத்தை மடுல்சீமையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டிலேயே பதிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதவை அடைத்து, சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்தோம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு. அத்தை அப்பாவின் அக்கா. ஆறு நாள் கொழுந்து பறித்துவிட்டு அன்றைக்கு மட்டும்தான் பகலில் படுப்பார். மூன்றாவது பாட்டின் நடுவில் சுவர் அதிர்ந்தது.

"எருமைங்களா, நிறுத்துறீங்களா, இல்ல நான் வரவா?"

அன்றைக்கு அதிசயமாக மூவரும் ஒரே தாளத்தில் இருந்தோம். நிறுத்த மனசு வரவில்லை. அத்தையும் நிறுத்தவில்லை. லேப்டாப் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. குரலை மட்டும் எப்படி அழிப்பதென்று தெரியாததால் அப்படியே வெளியிட்டோம்.

சில மாதம் கழித்து, இணையத்தில் இசை விமர்சனம் எழுதும் கொழும்புக்காரர் ஒருவர் ஆல்பத்தை ஏகத்துக்கும் புகழ்ந்திருந்தார். கிட்டாருக்கு ஒரு வரி. மீதியெல்லாம் அத்தை. அந்தக் கோபக் குரல்தான் எங்கள் தனிப் பாணியாம். சுவரில் விழுந்த அடிதான் ஆல்பத்திலேயே சிறந்த டிரம்ஸாம். தம்பி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பதுளையில் ஒரு மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். "அந்தப் பாடகியும் வருவாங்கதானே?" என்றார் ஏற்பாட்டாளர். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அத்தையிடம் போய் நின்றேன். "மேடையில வந்து எங்கள ஏசணும், அத்தை."

"அதுக்கு எதுக்கு பதுள வரைக்கும்? இங்கயே ஏசுறேன்."

ஆனாலும் வந்தார், புதுச் சீலை கட்டிக்கொண்டு. மூன்றாவது பாட்டில் மைக்கைக் கொடுத்தோம். அத்தை கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "எல்லாருக்கும் வணக்கம். புள்ளைங்க கஷ்டப்பட்டு வாசிக்கிறாங்க. ஆதரவு குடுங்க."

"ஏசுங்க அத்தை" என்று முணுமுணுத்தேன்.

"நாலு பேருக்கு முன்னால நம்ம புள்ளைங்கள ஏசுவாங்களா?" என்றார், மைக்கிலேயே.

பதற்றத்தில் தம்பியின் குச்சி கை நழுவிப் பறந்தது. அது பட்டு, பக்கத்தில் இருந்த சிவப்புச் சோடாப் போத்தல் கவிழ்ந்து, அத்தையின் சீலை முழங்கால் வரை சிவப்பானது.

அத்தை குனிந்து பார்த்தார். பிறகு தொடங்கினார். தம்பி ஒன்பது வயது வரை பாயை நனைத்தது, நான் கணக்கில் ஃபெயிலானது எல்லாம் வந்தது. நண்பன் யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாமல் அவனையும் சேர்த்து ஏசினார். நாங்கள் வாசித்துக்கொண்டே அவர் வேகத்தைத் துரத்தினோம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தம்பி மட்டும் தலையை நிமிர்த்தவேயில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை ஈரச் சீலையைப் பிழிந்தபடி சொன்னார், "அந்த ரெண்டாவது பாட்டு சும்மா இழுத்துக்கிட்டே போகுது. பாதிய வெட்டு."

வெட்டினோம். இப்போது நன்றாக இருக்கிறது.