அம்மா நம்பாத என் உடம்பு

இன்று அம்மாவுடன் வெள்ளவத்தையில் டொக்டரிடம் போனேன். சில மாதங்களாக எனக்கு மாதவிலக்கு வரவில்லை. தலைமயிரும் கொத்தாகக் கொட்டுகிறது. இரவில் நித்திரையும் இல்லை.

"கல்யாணம் முடிச்சிட்டீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை டொக்டர். கெம்பஸில ஃபைனல் இயர்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

சிறுநீரைப் பரிசோதிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அம்மா என் காதருகே கெஞ்சினார்: "உண்மையைச் சொல்லு பிள்ளை. ஏச மாட்டன்."

"லைப்ரரியை விட்டா வீடுதானம்மா. வேறெங்க போனனான்?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "பயப்பட ஒண்டுமில்லை. எக்ஸாம் டென்ஷன்தான். நல்லா நித்திரை கொள்ளுங்கோ."

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அடுத்த பேப்பர். நித்திரை வர யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள். என் பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள். அதனால்தான் நித்திரையே போனது.