ஏழு நாள் குப்பை, இரண்டு நாள் குப்பை

கையுறை மாட்டிய விரல்கள் பையின் காதுகளைச் சேர்த்துக் கொக்கித் தராசில் மாட்டுகின்றன. முள் ஆடுகிறது. அது நிற்கும்வரை அவர் மூச்சு விடுவதில்லை. நின்றதும் எண்ணைச் சொல்கிறார், ஒரே ஒரு தடவை.

"ஒண்ணு நானூறு."

எழுதிக்கொள்ளும் பெண் சரியாகக் கேட்கவில்லை என்றால் பையை மறுபடி மாட்டுவார். ஞாபகத்திலிருந்து திருப்பிச் சொல்ல மாட்டார். பிறகு முடிச்சை அவிழ்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தார்ப்பாயில் கவிழ்ப்பார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கிறது, தொடுவதில்லை. அறுத்த பையைத் திரும்பக் கட்ட முடியாது, ஒரு வீட்டுக் குப்பை இன்னொரு வீட்டோடு கலந்துவிடும்.

அந்த அம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஓர் ஆய்வு நிறுவனத்தில் குப்பை நிறுப்பவர். அதற்கு முன் பதினாறு வருடம் சலவை நிலையத்தில் அழுக்குத் துணி நிறுத்தவர். ஆய்வு செய்வது எப்படி என்று யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. அலுவலக அலமாரியில் கிடந்த பழைய அறிக்கைகளைச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டிப் புரட்டித் தானே கற்றுக்கொண்டார். கல்யாண வீட்டில்கூட அடுத்தவர் தட்டில் மிஞ்சியதைப் பார்த்து 'எண்பது கிராம்' என்று முணுமுணுப்பார் என்கிறார் கணவர். லிப்ட் பழுது பார்ப்பவர் அவர். "இவகூடச் சாப்பிடப் போனா தட்டை வழிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும். இல்லேன்னா எடை போட்டுடுவா."

ஆய்வு நடப்பது நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள ஒரு கட்டிடத்தில். வீட்டுக்கு இரண்டு கூடைகள் கொடுத்தார்கள், சமையலறைக் கழிவுக்கு ஒன்று, காகிதம் பிளாஸ்டிக்குக்கு ஒன்று. பிரிக்காமல் பையில் கட்டி வெளியே வைக்கும் குப்பையை, செவ்வாய்தோறும் லாரி வருவதற்கு முன் நிறுத்து, கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிடுவார்கள். உங்கள் வீட்டில் இவ்வளவு, உங்கள் மாடியில் மற்றவர்கள் இவ்வளவு. அறிவுரை ஒரு வரி கிடையாது. பக்கத்து வீட்டு எண்ணைப் பார்த்தே மனிதர்கள் மாறுவார்களா என்பதுதான் கேள்வி.

மாறினார்கள். வாரத்துக்கு இருநூற்றுப் பத்து கிலோ போய்க்கொண்டிருந்தது. ஐந்து மாதத்தில் நாற்பத்தாறு. நகராட்சிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, இருநூறு தெருக்களுக்கு அட்டை போடலாமா என்று முடிவு செய்ய வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தது. சரி என்றால் அவருக்கும் அவரோடு வேலை பார்க்கும் மற்ற நான்கு பெண்களுக்கும் இன்னும் மூன்று வருடம் வேலை. இல்லை என்றால் மாதக் கடைசியோடு முடிந்தது.

அதே கிழமை, அதே ஏழு மணி, அதே தராசு. இது அவரே போட்ட விதி. நாள் மாறினால் ஒரு வார எண்ணை இன்னொரு வார எண்ணோடு பக்கத்தில் வைக்க முடியாது. கட்டிடத்தில் அவருக்குச் 'செவ்வாய்க்கிழமை அக்கா' என்று பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை மாலை, அவர் தங்கை போன் செய்தாள். ஆய்வு நடக்கும் கட்டிடத்துக்கு அடுத்த கட்டிடத்தில் குடியிருப்பவள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, போகிற போக்கில் ஒரு புகார் சொன்னாள்.

"திங்கக்கிழமை சாயங்காலம் ஆனா எங்க தொட்டியை மூட முடியலக்கா. நீ நிறுக்கிற கட்டிடத்து ஆளுங்க ஆளுக்கொரு பையோட வந்து போட்டுட்டுப் போறாங்க. என்னன்னு கேட்டா, நாளைக்கு அந்தக்கா வருவாங்களேங்கிறாங்க."

போனை வைத்ததும் அவர் கோப்பில் ஒப்புதல் தாள்களைத் தேடி எடுத்தார்.

எந்த நாளும் வந்து நிறுக்கலாம் என்று எல்லா வீட்டுக்காரர்களும் ஆரம்பத்திலேயே கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தார்கள். அதை அவர் முதல் தடவையாகப் பயன்படுத்தியது மறுநாள், வியாழக்கிழமை காலையில். செவ்வாயன்று லாரி எடுத்துப் போன பிறகு சேர்ந்த இரண்டு நாள் குப்பைதான் வீடுகளில் இருந்தது.

அன்று கதவுகள் பாதிதான் திறந்தன. முதல் மாடியில் ஒருவர் திரும்பிச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். மூன்றாம் மாடி ஆசிரியை பையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு உங்க நாள் இல்லையே."

"இல்லீங்க. குடுங்க."

வீடு வீடாகத் தராசு முள் ஆடி ஆடி நின்றது. பதினொரு மணிக்குக் கூட்டிப் பார்த்தார். மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை. ஐம்பத்தொரு கிலோ. இரண்டு நாள் குப்பை, ஏழு நாள் குப்பையைவிட ஐந்து கிலோ அதிகம்.

ஒன்பது வீட்டுப் பைகள் மட்டும் உண்மையிலேயே லேசாக இருந்தன. அந்த ஒன்பது வீடுகளுக்கும் மறுபடி ஏறிப் போனார். காய் நறுக்கும் இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கூடை இருந்தது. மற்ற வீடுகளில் அது, கீழிருந்தே தெரியும்படி, பால்கனியில் துடைப்பத்துக்குத் துணையாக நின்றது. தாளின் ஓரத்தில் எழுதினார்: 'கூடை வைத்த இடம் காரணமா? தெரியாது. பார்க்க வேண்டும்.'

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணி. ஆய்வு நிறுவனத்தின் திட்ட அதிகாரி நல்ல மனிதர், அன்று சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். கோப்பின் கடைசியிலிருந்த வியாழக்கிழமைத் தாளைப் படித்ததும், கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை கணக்கு திட்டத்திலேயே இல்லை என்றார். அதைத் தனியாக வைத்துக்கொண்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மற்ற நான்கு பெண்களையும் நினைத்துப் பார்க்கச் சொன்னார்.

"அதுல ஒருத்திதான் நேத்து எனக்கு எழுதிக் குடுத்தா சார். அவளுக்கும் கணக்குக் கூட்டத் தெரியும்."

"செவ்வாய்க்கிழமை கணக்கு பொய்யில்லையேக்கா."

"பொய்யில்ல சார். செவ்வாய்க்கிழமை அவங்க எப்படி இருப்பாங்கன்னு அது சொல்லுது. மத்த நாளைப் பத்தி அதுக்குத் தெரியாது." கோப்பைத் தொட்டுக் காட்டினார். "கிழமையை மாத்தாம வச்சது என் தப்பு. அதையும் கீழே எழுதியிருக்கேன்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கோப்பைக் கேட்டுக் கை நீட்டினார்.

அவர் உடனே கொடுக்கவில்லை. மேஜையில் வைத்துக் கவ்வியைக் கழற்றினார். இருபத்திரண்டு செவ்வாய்க்கிழமைத் தாள்களுக்கு அடியிலிருந்த வியாழக்கிழமைத் தாளை உருவி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். நான்கு ஓரங்களையும் தட்டிச் சேர்த்தார். கவ்வியை மாட்டி, எழுத்துகள் அதிகாரியின் பக்கம் இருக்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினார்.