கொண்டை ஊசி வளைவில் ஒரு இயற்பியல் வகுப்பு

கோயம்புத்தூரில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகம் என்னை வேலைக்குக் கூப்பிட்ட அதே வாரத்தில்தான் போடிமெட்டு மலைப்பாதையில் பாறை சரிந்தது.

போடியில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் நடத்துகிறேன். கூப்பிட்டது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் பாதிக் கருவிகள் என்னைவிட மூத்தவை. பதவி உயர்வு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று காத்திருந்து அலுத்துப்போயிருந்தேன். அங்கே போனால் புது ஆய்வகம், ஆராய்ச்சிக்கு நேரம். "உனக்கு எது சந்தோசமோ அதச் செய்யி. கடைய நான் அங்கயும் போட்டுக்கிருவேன்" என்றார் கணவர். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் ஆண்டு வகுப்பில், மலைமேல் ஏலத்தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்கி வரும் பெண்கள் ஒருத்தியும் இல்லை. திங்கட்கிழமை பரீட்சை. அவர்களில் ஒருத்தி போனில் அழாத குறையாகப் பேசினாள்.

"மேடம், ஜீப்பு பாறை விழுந்த எடத்துக்கு மேலயே நின்னுபோச்சு. நடந்தும் தாண்ட விடமாட்டேங்குறாங்க. கடைசி யூனிட்டு எங்களுக்குப் புரியவே இல்ல மேடம்."

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். எங்கள் துறைத்தலைவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், முழங்கால் வலிக்காரர். கையிலிருந்த டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

"அவுகளால வர முடியலேன்னா நாம போவோம். சாக்பீஸ் டப்பாவ எடும்மா. வெரசா."

அவர் காரில் ஏறிப் போனோம். பாறை ஒரு கொண்டை ஊசி வளைவை அடைத்துக் கிடந்தது. ஆனால் அந்த இடத்தில் மேல்சாலை, கீழ்ச்சாலைக்கு நேர் மேலே ஓடுகிறது. வளைவிலிருந்து தள்ளி, மேலே தடுப்புச் சுவரோரம் எங்கள் பெண்கள் வரிசையாக நின்று கையசைத்தார்கள். கீழே வண்டி போகாத கருந்தார்ச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. எனக்குச் சட்டென்று தோன்றியது: அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இது ஒரு கரும்பலகை!

காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் துறைத்தலைவர் பேசி அனுமதி வாங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலையின் அகலத்துக்கு ஒரு பெட்டி வரைந்தேன். குவாண்டம் இயக்கவியலில் 'பெட்டிக்குள் துகள்' என்ற பாடம். சமன்பாடுகளை ஒவ்வோர் எழுத்தும் முழ உயரத்துக்கு எழுதினேன். காத்துக்கிடந்த லாரிக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"பெட்டிக்குள்ள என்ன லோடு, டீச்சர்?" என்றார் ஒருவர்.

"ஒரே ஒரு துகள்ண்ணே. கண்ணுக்கே தெரியாது."

"அதுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?"

மேலே பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொண்டை கட்டும்வரை கத்தி நடத்தினேன். நடுவில் ஜீப் டிரைவர் ஒருவர் கயிற்றில் ஃபிளாஸ்கைக் கட்டிக் கீழே இறக்கினார். ஏலக்காய் மணக்கும் டீ. குடித்துவிட்டு, துகள் எங்கெங்கே இருக்கலாம் என்று காட்டும் அலைகளில் இரண்டாவதை வரைந்தேன். அதன் நடுப்புள்ளியில் துகள் இருக்க வாய்ப்பே இல்லை என்றேன்.

போனில் பேசியவள் கையைத் தூக்கினாள். "மேடம், நடுவுல இருக்கவே இருக்காதுன்னா, அது இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் எப்பிடிப் போச்சு?"

எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷத்தில் எந்த வகுப்பிலும் எவரும் கேட்காத கேள்வி. துகளைச் சாலையில் போகிற ஜீப்பாக நினைக்கக் கூடாது, பெட்டி முழுக்க விரவிய அலையாக நினைக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. மேலிருந்து அவள் கேட்க, கீழிருந்து நான் சொல்ல, மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, பசி மறந்துபோனது. சாலை நெடுக எழுதித் தள்ளியிருந்தேன். கை, முகம், சேலையெல்லாம் சுண்ணாம்பு. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறெந்த வேலையிலும் அடைந்திருக்க முடியாது என்று அங்கே நின்றபோதே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் கோயம்புத்தூருக்குப் பேசி, வரவில்லை என்று சொன்னேன். "காரணம் தெரிந்துகொள்ளலாமா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். "இங்கே நல்லா இருக்கேங்க" என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாதை திறந்தது. பெண்கள் எல்லாரும் பரீட்சை எழுதித் தேறினார்கள். கேள்வி கேட்டவள் இப்போது மதுரையில் எம்.எஸ்சி. படிக்கிறாள், வாரக் கடைசியில் போன் செய்து என்னைத் திணறடிக்கிறாள். ஆய்வகக் கருவிகள் மாறவில்லை.

நான் கோயம்புத்தூர் போகவில்லை என்பதை அந்தத் திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் சொன்னபோது, அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. அப்ப மாடி வகுப்பெல்லாம் நீயே எடுத்துக்க தாயி. என் முழங்கா உன்னிய வாழ்த்தும்."