இன்னும் கொஞ்சம் பின்னாடி போ

என் வீட்டுக்காரர் டிராயிங் மாஸ்டர். நான் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த பெண்கள் பள்ளி அது. எங்கள் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். சுத்தப் பொய். வீட்டில் நாங்கள் ஒற்றுமைதான். பள்ளிக்கூடத்தில்தான் சண்டை. என் பீரியடில் பிள்ளைகளை மரம் வரையக் கூட்டிப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

அந்த வருஷம் டவுனில், பீச்சுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு கூடத்தில் இம்ப்ரெஷனிஸ்ட் என்கிற பழைய பிரெஞ்சுப் பாணி ஓவியக் கண்காட்சி போட்டார்கள். அசல் படங்கள் இல்லை. அசல் அளவுக்கே அச்சடித்து பிரான்சிலிருந்து கொண்டுவந்த நகல்கள். பேப்பரில் செய்தியைப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டாம் வகுப்புப் பெண்களை அழைத்துப் போயே தீருவேன் என்று நின்றார்.

"நகலைப் பாக்கவா சார் இவ்ளோ தூரம்? போன்லயே காட்டிடலாமே" என்றார் தலைமையாசிரியை.

"போன்ல பின்னாடி போய்ப் பாக்க முடியாது மேடம்."

அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனாலும் அனுமதி கிடைத்தது.

அப்புறம் தினமும் வகுப்பில் ஒத்திகை. ஆளுக்கு ஒரே ஒரு படம்தான். எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று ஓடினால் ஒன்றையும் பார்த்ததாக ஆகாதாம். பிடித்த படத்துக்குப் பக்கத்தில் போகணும், பிறகு திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வரணும், அதன் எதிரில் உட்காரணும். கிளம்பும்போது அந்தப் படத்திடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லணும்.

"படத்துக்கிட்டயா சார்?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இவ்ளோ நேரம் கூட உக்காந்திருந்தது யாரு? சொல்லிக்காம எழுந்து போனா மரியாதையா?"

சுவரில் மாட்டியிருந்த மளிகைக் கடை காலண்டர் முருகனிடம் எல்லோரும் வரிசையாகச் சொல்லிப் பழகினார்கள். பக்கத்து வகுப்பில் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா மீன் விற்கிறவர். "பொட்டப்புள்ள படம் பாத்து இன்னா ஆவப்போவுது?" என்று முதலில் மறுத்துவிட்டார். இவர் வீடு தேடிப் போய்ப் பேசினார். கடைசியில், "மாஸ்டர் கூட வர்றதால அனுப்பறேன்" என்றாராம் அந்த அம்மா.

மாஸ்டரால் போக முடியவில்லை. ரொம்ப நாளாகத் தகராறு பண்ணிக்கொண்டிருந்த சிறுநீரகம், போகிற நாள் நெருங்கும்போது ஒரேயடியாகப் படுக்க வைத்துவிட்டது. கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் கை வீங்கிப் படுத்திருந்தார். அப்போதும் கண்காட்சிப் பேச்சுதான். போகிற இடத்தை முன்னாடியே பார்த்து வைக்க வேண்டும், நீ போ என்று என்னைத் துரத்தினார்.

"எனக்கு இன்னா தெரியும் படத்தப் பத்தி?"

"கண்ணு தெரியும்ல? போதும்."

போனேன். ஒரு ஆற்றங்கரைப் படத்துக்கு முன்னால் நின்று போன் போட்டேன். "ஒண்ணும் தெரியலங்க. சுண்ணாம்பு அடிக்கிறவன் பிரஷ்ஷத் தொடச்ச மாதிரி இருக்கு."

"பின்னாடி போ."

போனேன்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போ."

"செவுரு இடிக்குதுங்க."

"அப்ப இப்பப் பாரு."

பார்த்தேன். ஆறு. பனி. ஒரு படகு, அதில் ஒரு ஆள். விடிகாலையில் அரியாங்குப்பம் பாலத்திலிருந்து பார்த்தால் தெரியுமே, அதே வெளிச்சம். "நம்ம ஆறுங்க" என்றேன். போனில் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த வாரமே இறந்துபோனார். ராத்திரி நன்றாகத்தான் பேசினார். விடியும் முன் நான் டீ வாங்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்காட்சிப் பயணத்தைத் தள்ளிப் போடலாமா என்று தலைமையாசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார். தள்ளிப் போட்டால் கண்காட்சியே முடிந்துவிடும். "கூட்டிட்டுப் போங்க மேடம். இல்லன்னா நான் தீட்டோடவே எழுந்து வந்துடுவேன்" என்றேன். சுற்றி உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு வைத்திருந்த அவர் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஊரில் உள்ளதையெல்லாம் வரைந்தவர், தன்னைப் போட்டோ எடுக்க மட்டும் விடமாட்டார். கிடைத்தது ஏதோ ஒரு கல்யாணக் கும்பலில் கடுகளவு நின்ற முகம். அதை அவசரத்தில் ஸ்டூடியோவில் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். முகமே இல்லை, வெறும் புள்ளி புள்ளியாக இருந்தது. அதன் காலடியிலேயே உட்கார்ந்து நாளெல்லாம் பார்த்தும் என் புருஷனை நான் அதில் காணவில்லை. அந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

கண்காட்சி முடிந்து வந்த பிள்ளைகளை, கூடப் போயிருந்த எங்கள் பள்ளி பிரெஞ்சு டீச்சர் நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். சீருடையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். மீன்காரம்மாவின் மகளும் வந்திருந்தாள். மாஸ்டர் போகாவிட்டாலும் அவள் அம்மா அனுப்பிவிட்டார்.

அந்தப் பெண் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் பின்பக்கமாகவே நடந்தாள். வாசற்படியில் குதிகால் இடித்ததும் நின்றாள்.

"மிஸ், இங்கேர்ந்து பாத்தா சார் நல்லாத் தெரியறாரு."

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். தெரிந்தார். என்னை வம்புக்கு இழுக்கும் முன்னால் வாயை ஒரு பக்கமாகக் கோணுவாரே, அந்த முகம். அவ்வளவு நாளும் கிட்டக்க உட்கார்ந்து அவரைத் தொலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

கிளம்பும்போது அவள் படத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன் சார்" என்றாள்.

சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போக வேண்டும். என் நாத்தனார் பதறிப்போய், "ஏ பொண்ணே, அப்பிடிலாம் சொல்லக் கூடாது" என்றார்.

"சொல்லட்டும் விடுங்க அண்ணி. அவரு சொல்லிக் குடுத்ததுதான்" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் வாசற்படியில் நின்று, ஒவ்வொருத்தியாக, போயிட்டு வரேன் சார், போயிட்டு வரேன் சார் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் பழக்கிக் கொடுத்த மனுஷன், நான் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.