களிம்பு பூசிய கையோடு வகுப்புக்கு வந்தவர்

நேற்றுத் திருப்பத்தூரில், நான் இப்போது வேலை பார்க்கும் பள்ளியில், காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆம்பூரிலிருந்து முதல் ரயிலில் வந்த ஆள் ஒருவர் பள்ளி வாசலில் நின்றார். "மேஸ்திரி தேவசகாயம் அனுப்பினாருங்க. அவரு அக்கா, ஞானம்மா டீச்சர், போய்ட்டாங்கம்மா" என்றார். ஜுரம் என்று போன வாரமே கேள்விப்பட்டேன். எழுந்துவிடுவார் என்றுதான் இருந்தேன். எதற்கும் படுக்காத மனுஷி!

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூர் பெண்கள் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். கணக்கில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சேர்ந்த சில வருஷங்களில் அவருடைய உதட்டோரத்திலும் விரல்களிலும் வெள்ளைப் படை கண்டது. ஊர் அதற்கு வைத்த பெயர் வெண்குஷ்டம். அந்தப் பெயர் ஒன்று போதாதா? டீச்சர் தொட்ட சிலேட்டைத் தொடாதே என்று பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். ஒரு தாயார் தன் மகளைப் பள்ளியை விட்டே நிறுத்திவிட்டார்.

பள்ளி மானேஜர் அவரைக் கூப்பிட்டு, "சொஸ்தமானதும் வாங்க. உங்க இடம் அப்படியே இருக்கும்" என்றார். இருக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஞானம்மாள் வேலூருக்குப் போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார். இது குஷ்டமே இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று அவர் சொல்லிவிட்டார். திரும்பி வந்ததும் ஞானம்மாள் நேராக மானேஜரிடம் போனார். "ஒட்டாத வியாதிக்கு எதுக்கு சார் லீவு? மருந்து போட்டுக்கிட்டே பாடம் எடுக்கறேன்" என்றார். வருஷப் பரீட்சை வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் பிள்ளைகள் குறைந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் மானேஜர்.

இதற்கிடையில் தம்பி தேவசகாயம் ஒரு வைத்தியம் செய்தார். அவர் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி. "தோலுக்கு நிறம் ஏத்துறதுதானே நம்ம தொழிலு? வேலூரு எதுக்கு?" என்று ஆவாரம்பட்டை ஊறிய தொட்டித் தண்ணீரை ஒரு பானையில் கொண்டுவந்து அக்காவின் கைகளை அதில் முக்கிவைத்தார். நல்ல இடம் பழுப்பேறி வெடித்தது. வெள்ளை இடம் சிவந்து வீங்கியது. கறை போனதும் படை பழையபடி வெளுப்பாகவே நின்றது. "உனக்கு அவங்க அக்காவா, ஆட்டுத்தோலா?" என்று அவரைப் பிடித்துக் கத்தினேன். ஞானம்மாளோ சிரித்தார். "விடுங்க டீச்சர். அவன் பார்த்ததெல்லாம் செத்த ஆட்டோட தோலு. உசுரோட இருக்கற தோலு அவன் பேச்சைக் கேக்குமா?"

டாக்டரம்மா கொடுத்தது கார்போகரிசி எண்ணெய் சேர்த்த களிம்பு. லேசாகப் பூசிக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்ட வேண்டும். பரீட்சை நெருங்குகிறதே என்ற அவசரத்தில் ஒரு விடுமுறை நாளில் தடிப்பாக அப்பிக்கொண்டு உச்சிவெயில் வரை நின்றுவிட்டார். விரலெல்லாம் கொப்புளம். டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். புண் ஆறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து, ஆறியதும் மறுபடி ஆரம்பித்தார்.

எங்கே நின்று பூசினார் தெரியுமா? பள்ளி வாசலில், தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரத்தில். எனக்கு மானம் போயிற்று.

"உள்ளே வந்து நில்லுங்களேன். எல்லாரும் பார்க்கறாங்க" என்றேன்.

"உள்ள வெயில் வருதா டீச்சர்? பார்க்கட்டுமே. ஒளிச்சு வச்சாத்தான் பயப்படுவாங்க."

சில மாதங்களில் உதட்டோர வெள்ளைக்குள் கடுகு தெளித்தாற்போல் நிறம் முளைத்தது. வாசலில் போகிற வருகிறவர்களும் அதைக் கவனித்தார்கள். ஒரு காலையில், மகளை நிறுத்திய அந்தத் தாயார் தயங்கித் தயங்கி வந்து முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். வெள்ளையாக ஒரு வட்டம். "எனக்கும் வந்துட்டுதும்மா. இன்னா பண்றது?" என்று அழுதார். நானாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஞானம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க. என் களிம்பை வாங்கிப் பூசிடாதீங்க, வெந்துடும். சனிக்கிழமை என்கூட வேலூர் வாங்க" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அந்த மகள் வகுப்புக்குத் திரும்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. பரீட்சையும் முடிந்தது. மானேஜர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முகத்தில் நிறம் கூடிவிட்டது. விரல்களில் வரவே இல்லை. விரலுக்கு வருவது கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னதும் களிம்பை நிறுத்திவிட்டார். "வர்ற வரைக்கும் காத்திருந்தா, நான் எப்ப வாழறது?" என்றார். அதன் பிறகு இத்தனை வருஷமும் அந்த வெள்ளை விரல்களால்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். படை கண்ட பெண்கள் எத்தனையோ பேரை வேலூருக்கு அழைத்துப் போனார்.

சேதி கேட்டு நேற்றே ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடும் நேரம். கடைசியாக நெற்றியில் முத்தமிடுவது அவர்கள் சபையின் வழக்கம். அவரிடம் படித்த பெண்கள், இடுப்பில் பிள்ளையோடு சிலர், வரிசையாக வந்தார்கள். ஒருத்தி நெற்றிக்குக் குனியாமல் அவர் கையை எடுத்து விரல்களில் முத்தமிட்டாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். "நேரமாவுதும்மா" என்று பாதிரியார் சொல்லியும் யாரும் நகரவில்லை. என் முறை வந்தபோது அழுகையை அடக்க முடியவில்லை.

உங்கள் விரல்கள் ஈரமாகவே இருந்தன, டீச்சர். துடைக்க மனமில்லாமல் அப்படியே அனுப்பிவைத்தோம்.