வெள்ளை நூலில் நின்ற கோட்டு

"இவ்ளோ நீள கோட்டு யாருக்குடி?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். "மாப்பிள்ளை குட்டை. உங்கண்ணன் அவரைவிடக் குட்டை. கொடிக்கம்பத்துக்கா தைக்கிறார் உங்கப்பா?"

அப்பா தையல்காரர். பள்ளி முடித்த நான் அவர் கடையில் பித்தான் தைக்கிறேன். அப்பா டேப்பைத் தொடமாட்டார். ஆள் வாசலில் நின்றதுமே கண்ணால் அளந்துவிடுவார். அக்கா கல்யாணத்துக்கு வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் ஒரே நீலத் துணி. அதைப் போட்டவர்தான் குடும்பம்.

அண்ணன் வேறு ஊரில், தான் காதலிக்கும் ஆணோடு வாழ்ந்தான். நான் அவரை நெட்டை அண்ணன் என்பேன். அப்பா அவரைப் பார்த்தது ஒரே தடவை, கடை வாசலோடு திருப்பி அனுப்பிய அன்று.

"அவனும் நம்ம வீட்டு ஆளா போட்டோல நிக்கணும்பா. இல்லன்னா நானும் வரல" என்று அண்ணன் போனில் சொன்னான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த அப்பா, மூன்றாம் நாள் நீலத் துணியை வெட்டினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பித்தான் வைக்க அந்த நீளக் கோட்டை எடுத்தபோதுதான் பார்த்தேன். கைகள் இரண்டும் வெள்ளை நூலில் ஓட்டுத்தையலில் நின்றன. அளவு பார்க்கத் தற்காலிகமாகப் போடுவது அது, இழுத்தால் வந்துவிடும்.

"மெஷின்ல போடலையாப்பா?"

"ஒரு நாளைக்கு இது போதும். அப்புறம் பிரிச்சு உன் சித்தப்பாவுக்கு வெட்டிடலாம்."

இதை அண்ணனிடம் சொல்லாமல் பித்தானைத் தைத்தேன். அண்ணன் வந்தால் போதும் என்றிருந்தது.

கல்யாணத்தன்று கோட்டு நெட்டை அண்ணனுக்கு அச்சாகப் பொருந்தியது. "நெருங்கி நில்லுங்க, தோள்ல கை போடுங்க" என்றார் போட்டோக்காரர். நெட்டை அண்ணன், என் அண்ணன் தோளில் கை போட்டார். கோட்டின் கை கழன்று அண்ணன் முதுகில் தொங்கியது.

"ரொம்ப நீட்டாதப்பா, அடுத்த கையும் வந்துடும்!" என்றார் பெரியம்மா. மண்டபமே சிரித்தது. நெட்டை அண்ணனும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. தையல்காரர் மகனுக்கு வெள்ளை நூல் தெரியாதா?

அப்பா காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். "கழட்டச் சொல்லு. ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம்பா. உங்களுக்குப் பிரிக்கிற வேலையாவது மிச்சம்" என்றான் அண்ணன்.

இரண்டு கோட்டுகளையும் நாற்காலியில் போட்டுவிட்டு இருவரும் போனார்கள். போட்டோ அவர்கள் இல்லாமல் எடுக்கப்பட்டது.

அந்த வாரமே அப்பா அந்தக் கோட்டின் கைகளுக்கு மெஷினில் இரட்டைத் தையல் போட்டார். கோட்டு கடையில் தொங்குகிறது. வாடிக்கையாளர் ஒருவர் விலை கேட்டதற்கு, "அது எங்க வீட்டு ஆளோடது" என்றார் அப்பா. அதை அன்றைக்கு மண்டபத்தில் சொல்லியிருக்கலாம்.

அண்ணன் போன் நம்பரை மாற்றிவிட்டான். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நெட்டையான ஒருவரும் குட்டையான ஒருவரும் வாழும் வீடு வரை இது போகட்டும். வெள்ளை நூலைப் பார்த்தும் தங்கை சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.